விலை குறைவது வேறு, குறைப்பது வேறு!

(இரண்டாம் ஆண்டு, மின்னணு மற்றும் தொடர்பியல் துறை)



ஒரு கேள்வியோடு ஆரம்பிக்கிறேன். ஒரே வேலையைச் செய்கிற இரண்டு கருவிகள் கடையில் இருக்கின்றன. ஒன்று 99 டாலர். இன்னொன்று 400 டாலர். இரண்டுமே படத்தைத் துல்லியமாகக் காட்டுகின்றன. இவற்றில் எது சந்தையில் நிலைக்கும்? எங்கள் வகுப்பில் இதைக் கேட்டபோது பத்துக்கு ஒன்பது பேர், "இதெல்லாம் ஒரு கேள்வியாடா? 99 டாலர்தான்!" என்றார்கள்.

ஆனால் நடந்தது வேறு. 2007 நவம்பரில் அமெரிக்கக் கடைகளில் 99 டாலருக்கு அடித்துப் பிடித்து வாங்கப்பட்ட ஒரு கருவியின் கதை, 2008 பிப்ரவரியில் முடிந்தே போனது. மூன்றரை மாதம்தான்! அதற்குப் பெயர் எச்.டி. டி.வி.டி. அதை வீழ்த்தியது, நான்கு மடங்கு விலையில் இருந்த ப்ளூ-ரே.

விலை மலிவாக இருந்தும் ஏன் தோற்றது? அல்லது, மலிவாக விற்றதாலேயே தோற்றதா? கடைக்காரர்கள் கொடுத்த தள்ளுபடி இந்தப் போட்டியில் என்ன வேலை செய்தது? என் சிற்றறிவுக்கு எட்டியவரை விளக்குவதே இந்தக் கட்டுரையின் நோக்கம். எங்கள் குடும்பத்தில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். அதனால் சொந்தக்காரர்கள் மிக்ஸி வாங்கினாலும், செல்போன் வாங்கினாலும், "நீ டிப்ளமோ படிக்கிறவன், எது நல்லதுன்னு சொல்லுப்பா" என்று என்னிடம்தான் வருகிறார்கள். அவர்களுக்குப் பொறுப்பாகப் பதில் சொல்லவாவது இதையெல்லாம் நான் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது.

சண்டை எதற்காக?

முதலில் நம் பாடத்துக்கு வருவோம். டிஸ்க்கில் உள்ள சிறு குழிகளை லேசர் ஒளி படிக்கிறது என்பது நமக்குத் தெரியும். ஒளிப்புள்ளி எவ்வளவு சிறியதோ அவ்வளவு நெருக்கமாகத் தகவலை எழுதலாம். புள்ளியின் அகலம், அலைநீளத்தை லென்ஸின் நியூமரிக்கல் அப்பெர்ச்சரால் வகுத்தால் வருவதற்கு நேர்விகிதத்தில் இருக்கும்.

டி.வி.டி.க்கு 650 நானோமீட்டர் சிவப்பு லேசர், அப்பெர்ச்சர் 0.60. வகுத்தால் ஏறக்குறைய 1083. எச்.டி. டி.வி.டி.க்கு 405 நானோமீட்டர் நீல-ஊதா லேசர், அப்பெர்ச்சர் 0.65. வகுத்தால் 623. ப்ளூ-ரேக்கும் அதே 405 லேசர்தான், ஆனால் அப்பெர்ச்சர் 0.85. வகுத்தால் 476.

பரப்பளவு என்பதால் விகிதத்தை வர்க்கம் செய்ய வேண்டும். டி.வி.டி.யை விட எச்.டி. டி.வி.டி.யில் சுமார் 3 மடங்கு அடங்கும். ப்ளூ-ரேயில் 5 மடங்குக்குச் சற்று மேல் அடங்கும். ஒரு அடுக்கு டி.வி.டி. 4.7 கிகாபைட். 3-ஆல் பெருக்கினால் 14-க்கு மேல், 5-ஆல் பெருக்கினால் 24 பக்கம் வருகிறது. உண்மையான கொள்ளளவு என்ன தெரியுமா? எச்.டி. டி.வி.டி. 15, ப்ளூ-ரே 25 கிகாபைட்! இரண்டு அடுக்கு என்றால் 30, 50. நம் கணக்கு கிட்டத்தட்ட சரியாக வந்துவிட்டது பார்த்தீர்களா?

அப்படியானால் ப்ளூ-ரேதானே உசத்தி? அவசரப்பட வேண்டாம். அப்பெர்ச்சர் 0.85 என்றால் லென்ஸ் டிஸ்க்குக்கு மிக அருகில் வரவேண்டும். அதனால் ப்ளூ-ரேயில் தகவல் அடுக்கின் மேல் 0.1 மில்லிமீட்டர் மூடிதான் இருக்கும். அதைத் தயாரிக்கப் புதிய இயந்திரங்கள் தேவை. எச்.டி. டி.வி.டி.யில் பழைய டி.வி.டி. போலவே 0.6 மில்லிமீட்டர். ஏற்கெனவே இருக்கும் டி.வி.டி. ஆலையையே கொஞ்சம் மாற்றி அமைத்து ஓட்டலாம். ஆக, எச்.டி. டி.வி.டி.க்கு மலிவு என்பது பிறவியிலேயே ஓரளவு இருந்தது. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

எச்.டி. டி.வி.டி.யின் தலைவர் தோஷிபா. கூட மைக்ரோசாஃப்ட், படக் கம்பெனியில் யுனிவர்சல். ப்ளூ-ரேயின் தலைவர் சோனி. கூட பானசோனிக், பிலிப்ஸ், சாம்சங், பயனியர், ஷார்ப். படக் கம்பெனிகளில் சோனியின் சொந்தப் படங்கள், டிஸ்னி, ஃபாக்ஸ். வார்னரும் பாராமவுண்டும் முதலில் இரண்டு பக்கமும் படம் வெளியிட்டார்கள். ஒரு பக்கத்து டிஸ்க் மறுபக்கத்துக் கருவியில் ஓடாது. இதுதான் சண்டையின் மூலம்.

பழைய பாடம்

இது முதல் சண்டை அல்ல. 1975-ல் சோனி பீட்டாமேக்ஸ் வீடியோ நாடாவைக் கொண்டுவந்தது. 1976-ல் ஜே.வி.சி. கம்பெனி வி.எச்.எஸ். நாடாவைக் கொண்டுவந்தது. பீட்டாவில் ஆரம்பத்தில் ஒரு மணி நேரம் பதியலாம், வி.எச்.எஸ்.ஸில் இரண்டு மணி நேரம். 1977-ல் அமெரிக்காவின் ஆர்.சி.ஏ., நான்கு மணி நேரம் பதியக்கூடிய வி.எச்.எஸ். கருவியை 1000 டாலருக்கு இறக்கியது. முந்தைய ஆண்டு வந்த பீட்டா கருவி 1300 டாலர். கடைசியில் 1988-ல் சோனியே வி.எச்.எஸ். கருவி விற்க வேண்டியதாயிற்று.

"பார்த்தீங்களா, மலிவுதான் ஜெயிச்சது!" என்று தோன்றும். தோஷிபாவின் விலை இறக்கத்தைப் பார்த்த பலரும் இந்தக் கதையைத்தான் நினைத்திருப்பார்கள். ஆனால் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். வி.எச்.எஸ். ஏன் மலிவானது? ஜே.வி.சி. தன் முறையை மற்றவர்களுக்கும் கொடுத்தது. மட்சுஷிதா, ஹிட்டாச்சி, ஷார்ப், மிட்சுபிஷி என்று பல கம்பெனிகள் செய்தன. ஆர்.சி.ஏ. விற்றதும் மட்சுஷிதா செய்த கருவிதான். பல பேர் செய்தார்கள், லட்சக்கணக்கில் செய்தார்கள், போட்டி போட்டார்கள். அதனால் அடக்கவிலை இறங்கியது, விற்பனை விலையும் தானாக இறங்கியது. அதாவது விலை குறைந்தது. யாரும் கைப்பணத்தைப் போட்டுக் குறைக்கவில்லை.

விலை குறைவது வேறு, விலையைக் குறைப்பது வேறு. இரண்டையும் ஒன்றென்று நினைத்தால் கணக்கு தப்பும்.

499-லிருந்து 98 வரை

2006 ஏப்ரலில் தோஷிபாவின் முதல் எச்.டி. டி.வி.டி. கருவி, எச்.டி.-ஏ1, அமெரிக்காவில் 499 டாலருக்கு வந்தது. அந்த ஜூனில் சாம்சங் விற்ற முதல் ப்ளூ-ரே கருவி 999 டாலர். சரி பாதி விலை! ஐசப்ளை என்ற ஆய்வு நிறுவனம் தோஷிபா கருவியைப் பிரித்துப் பார்த்துக் கணக்குப் போட்டது. உள்ளே ஒரு பென்டியம்-4 பிராசசரே இருந்தது. உதிரிபாகங்களின் மதிப்பு மட்டும் 674 டாலர் என்று சொன்னார்கள். 674 டாலர் பாகத்தைப் போட்டு 499-க்கு விற்றால் என்ன அர்த்தம்? ஒவ்வொரு பெட்டியோடும் தோஷிபா தன் சட்டைப்பையிலிருந்தும் பணத்தை வைத்து அனுப்புகிறது என்றுதான் அர்த்தம்.

அடுத்த மாடல் எச்.டி.-ஏ2. 2007 ஏப்ரலில் அது 399-க்கு இறங்கியது. கோடையில் 299. கூடவே கருவி வாங்கினால் ஐந்து படம் இலவசம் என்ற சலுகை. (இந்த இலவசப் பட விளையாட்டை ப்ளூ-ரே தரப்பும் ஆடியது.) அக்டோபரில் எச்.டி.-ஏ3 என்ற புது மாடல் வந்ததும், ஏ2 பழைய சரக்காகிவிட்டது. பழைய சரக்கை என்ன செய்வார்கள் என்று நமக்குத் தெரியாதா?

2007 நவம்பர் 2, வெள்ளிக்கிழமை. வால்மார்ட் கடைகளில் ரகசிய விற்பனை என்று விளம்பரம் செய்து, மடிக்கணினி, டி.வி. இவற்றோடு எச்.டி.-ஏ2-வையும் 98 டாலர் 87 சென்டுக்குக் கொடுத்தார்கள். அன்றைய மதிப்பில் நம் பணம் நாலாயிரம் ரூபாய்க்கும் கீழே. பெஸ்ட் பை கடையும் விடவில்லை. 99 டாலர் 99 சென்ட். அந்த வார இறுதியில் மட்டும் சுமார் 90,000 கருவிகள் விற்றதாகச் செய்தி வந்தது.

எச்.டி. டி.வி.டி. ஆட்களுக்கு ஒரே கொண்டாட்டம். ஜெயித்துவிட்டோம் என்று நினைத்தார்கள். உண்மையில் அந்தத் தள்ளுபடி நான்கு பேரிடம் நான்கு விதமாக வேலை செய்தது. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

1. வாங்கினவரிடம்

எச்.டி.-ஏ2 பழைய டி.வி.டி.யையும் ஓட்டும். அதோடு அந்தப் படத்தைப் பெரிய டி.வி.க்கு ஏற்றபடி சீராக்கியும் காட்டும். 500 டாலர் கொடுத்து வாங்குகிறவர் வேண்டுமென்றே இந்த முறையைத் தேடி வாங்குகிறவர். மாதாமாதம் புது டிஸ்க் வாங்குவார். 99 டாலருக்கு வாங்குகிறவரோ, "நல்ல டி.வி.டி. பிளேயர் ஒன்னு சல்லிசா கிடைக்குது, இருக்கட்டும்" என்று வாங்கலாம். அவர் வீட்டில் இருக்கும் பழைய டி.வி.டி.யையே போட்டுப் பார்ப்பார். இவருக்கும் கருவி விற்ற கணக்கில் ஒன்று கூடும். ஆனால் டிஸ்க் கணக்கில் கூடாது. ஒரு முறையை உயிரோடு வைத்திருப்பது டிஸ்க் விற்பனைதான்.

2. மற்ற கம்பெனிகளிடம்

இதுதான் எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. நீங்கள் ஒரு கருவி தயாரிப்பாளர் என்று வைத்துக்கொள்ளுங்கள். எச்.டி. டி.வி.டி. பிளேயர் செய்யலாமா என்று யோசிக்கிறீர்கள். சந்தையைப் பார்த்தால் தோஷிபா அடக்கவிலைக்கும் கீழே விற்கிறது. நீங்கள் 300 டாலருக்குச் செய்து யாரிடம் விற்பீர்கள்? "நமக்கு வேண்டாம்பா இந்த வம்பு" என்று ஒதுங்கிவிடுவீர்கள். அப்படித்தான் நடந்தது. எச்.டி. டி.வி.டி. பக்கம் கருவி செய்தவர்கள் தோஷிபாவை விட்டால் சொற்பம். மைக்ரோசாஃப்ட் விற்ற எக்ஸ்பாக்ஸ் இணைப்புக் கருவியின் உள்ளேயும் தோஷிபா டிரைவ்தான்.

வி.எச்.எஸ். ஜெயித்தது பத்துக் கம்பெனி சேர்ந்து செய்ததால். தோஷிபாவின் தள்ளுபடி அந்தப் பத்துக் கம்பெனியையும் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிட்டது. நண்பனைக் கூப்பிட வேண்டிய நேரத்தில் கதவைச் சாத்திக்கொண்ட மாதிரி ஆயிற்று.

3. கடைக்காரரிடம்

இந்தப் பகுதியை என் அப்பா சொன்னதை வைத்து விளக்குகிறேன். அவர் ஒரு வீட்டு உபயோகப் பொருள் கடையில் பல வருடமாக லோடு ஏற்றி இறக்கும் வேலை செய்கிறார். பிரிட்ஜ், வாஷிங் மிஷின், டி.வி. எல்லாம் அவர் தோளில்தான் மாடி ஏறும். படிப்பு ஐந்தாம் வகுப்பு. ஆனால் எந்தப் பொருளுக்கு எந்த மாதம் கம்பெனி ஸ்கீம் வரும், எதில் மார்ஜின் அதிகம் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. அவர் சொல்வார்: "தம்பி, எதுல மார்ஜின் இருக்கோ அதைத்தான் சேல்ஸ்மேன் முன்னாடி நிறுத்துவான். ஆபர்ல போட்ட பொருள் கூட்டத்தை உள்ள இழுக்கறதுக்கு. உள்ள வந்தவங்க கையில வேற பொருளைக் கொடுத்து அனுப்பறதுதான் வியாபாரம்."

வால்மார்ட்டிலும் பெஸ்ட் பையிலும் இதே கதைதான். 99 டாலர் கருவி கூட்டத்தை இழுத்தது. அதை விற்றுக் கடைக்குப் பெரிதாக எதுவும் தேறாது. ஆனால் 400 டாலர் ப்ளூ-ரே கருவி, அதனோடு ஒரு பெரிய டி.வி., ஒரு கேபிள் என்று விற்றால் நாலு காசு நிற்கும். அப்புறம் எதைக் கடைக்காரர் மனதார சிபாரிசு செய்வார்? ஒரு முறை நிலைக்க வேண்டுமானால் அதைத் தினமும் விற்கிற கடைக்காரருக்கு அதில் வருமானம் இருக்க வேண்டும். ஒரு வார இறுதிக் கூட்டம் போதாது.

கடைக்காரருக்கு இன்னொரு கவலையும் உண்டு. இரண்டு முறைக்கும் தனித்தனி அலமாரி, தனித்தனி சரக்கு. இடத்துக்கு வாடகை கொடுப்பவருக்குத்தான் அந்த வலி தெரியும். 2007 ஜூனில் பிளாக்பஸ்டர் என்ற வாடகை வீடியோ நிறுவனம், புதிதாக எச்.டி. டிஸ்க் வைக்கப் போகும் 1450 கடைகளில் ப்ளூ-ரே மட்டும் போதும் என்று முடிவு செய்தது. அதற்கு முன் 250 கடைகளில் இரண்டையும் வைத்துப் பார்த்திருந்தார்கள். வாடகைக்குப் போனதில் 70 சதவீதத்துக்கு மேல் ப்ளூ-ரே! ஜூலையில் டார்கெட் கடை, தன் சிறப்பு அலமாரியில் சோனியின் ப்ளூ-ரே கருவியை நிறுத்தியது.

4. படக் கம்பெனியிடம்

படக் கம்பெனிக்குக் கருவி எத்தனை விற்றது என்பதில் அவ்வளவு அக்கறை இல்லை. தன் டிஸ்க் எத்தனை விற்றது என்பதே கேள்வி. அமெரிக்காவில் நீல்சன் வீடியோஸ்கேன் என்ற கணக்கு வாரா வாரம் வெளியாகும். இரண்டு தரப்பின் டிஸ்க் விற்பனை விகிதம் அதில் இருக்கும். பரீட்சை மார்க் பட்டியலைப் பார்ப்பது போல எல்லோரும் அதைப் பார்த்தார்கள்.

இங்கேதான் கடைகளின் இன்னொரு தள்ளுபடி வருகிறது. ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம்! அமேசான் போன்ற கடைகள் ஒரு வாரம் ப்ளூ-ரே டிஸ்க்குக்கு இதை அறிவிக்கும், இன்னொரு சமயம் எச்.டி. டி.வி.டி.க்கு அறிவிக்கும். அறிவித்த வாரம் அந்தத் தரப்பின் விகிதம் ஜம்மென்று ஏறும். ரசிகர்கள் கைதட்டுவார்கள். சலுகை முடிந்ததும் பழையபடி இறங்கிவிடும். அடுத்த மாதம் வாங்க வேண்டிய படத்தை இந்த மாதமே வாங்கிவிட்டார்கள், அவ்வளவுதான். ஜுரம் வந்தவருக்கு மாத்திரை கொடுத்தால் தெர்மாமீட்டர் இறங்கும். உடம்பு தேறியதா என்பது வேறு விஷயம்.

சலுகை கலக்காத கணக்கு வேண்டுமா? 2007 ஜூலை 31 அன்று வார்னரின் '300' படம் இரண்டு முறையிலும் ஒரே நாளில் வந்தது. ஒரே படம், ஒரே நாள். விற்றதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு ப்ளூ-ரே. 2007 முழுவதையும் கூட்டிப் பார்த்தாலும் ஏறக்குறைய இரண்டுக்கு ஒன்று என்ற கணக்குதான். நவம்பரில் 90,000 கருவி விற்ற பிறகும் அந்த முன்னிலை மாறவில்லை.

சோனி மட்டும் யோக்கியமா?

நியாயமான கேள்வி. சோனியும் நஷ்டத்தில்தான் விற்றது. 2006 நவம்பரில் வந்த பிளேஸ்டேஷன்-3 விளையாட்டுக் கருவிக்குள்ளேயே ப்ளூ-ரே இருந்தது. 20 கிகாபைட் மாடல் 499 டாலர், 60 கிகாபைட் மாடல் 599. அதே ஐசப்ளை கணக்கின்படி செய்யும் செலவு முறையே சுமார் 806, 840 டாலர். தோஷிபாவை விடப் பெரிய நஷ்டம்! 2007 நவம்பரில் 40 கிகாபைட் மாடலை 399-க்கும் கொடுத்தார்கள். அந்த ஆண்டு முடிவதற்குள் உலகம் முழுக்க ஒரு கோடி பிளேஸ்டேஷன் அளவுக்குக் கடைகளுக்குப் போயிருந்தது.

அப்படியானால் வித்தியாசம் என்ன? இரண்டு வித்தியாசம் எனக்குத் தெரிகிறது.

ஒன்று, நஷ்டத்தைத் திரும்ப எடுக்கும் வழி. பிளேஸ்டேஷனுக்காக விற்கும் ஒவ்வொரு விளையாட்டிலும் சோனிக்குப் பங்கு வரும். கருவியில் விட்டதை விளையாட்டில் பிடிக்கலாம். தோஷிபாவுக்கு அப்படிப் பக்கத்து வாய்க்கால் இல்லை. டிஸ்க் பெருவாரியாகப் பரவி, காப்புரிமைப் பணம் வந்தால்தான் உண்டு.

இரண்டு, கூட்டாளிக்கு விட்ட இடம். பிளேஸ்டேஷன் விளையாட்டுப் பிரிவில் விற்றது. அது மற்ற ப்ளூ-ரே கம்பெனிகளுக்கும் நெருக்கடிதான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனாலும் வீடியோ பிரிவில் பானசோனிக், சாம்சங், பயனியர் கருவிகள் தங்கள் விலையில் நிற்க இடம் இருந்தது. கடைக்காரருக்கும் நாலு கம்பெனிச் சரக்கு வைத்து விற்க முடிந்தது.

தள்ளுபடி கொடுத்ததில் இரண்டு பேருக்கும் வித்தியாசம் இல்லை. அந்தப் பணம் எங்கிருந்து வருகிறது, எங்கே திரும்பிப் போகும் என்பதில்தான் வித்தியாசம்.

முடிவு வந்த விதம்

2007 ஆகஸ்டில் பாராமவுண்டும் டிரீம்வொர்க்ஸ் அனிமேஷனும் எச்.டி. டி.வி.டி. பக்கம் மட்டும் என்று சாய்ந்தன. அதற்கு 15 கோடி டாலர் அளவுக்குச் சலுகை கிடைத்ததாக நியூயார்க் டைம்ஸ் பத்திரிகை எழுதியது. இதுவும் ஒரு வகைத் தள்ளுபடிதான், ஆனால் கடை வாசலில் போர்டு எழுதி வைக்காத தள்ளுபடி.

2008 ஜனவரி 4-ல் வார்னர், இனி ப்ளூ-ரே மட்டும் என்று அறிவித்தது. மக்கள் குழப்பத்தில் எதையும் வாங்காமல் தள்ளிப்போடுகிறார்கள், இப்படியே போனால் வாய்ப்பு நழுவிவிடும் என்பது அவர்கள் சொன்ன காரணம். அடுத்த வாரமே அமெரிக்காவில் விற்ற எச்.டி. கருவிகளில் ப்ளூ-ரேயின் பங்கு தொண்ணூறு சதவீதத்தைத் தாண்டியது.

தோஷிபா என்ன செய்தது? மறுபடியும் விலையைக் குறைத்தது! புது மாடலான எச்.டி.-ஏ3 150 டாலருக்கு வந்தது. விற்பனை கொஞ்சம் எழுந்தது. ஆனால் போட்டி அப்போது விலையில் இல்லை. படமே வராத கருவியை எவ்வளவு குறைத்து விற்றாலும் என்ன பயன்?

பிப்ரவரி 11-ல் நெட்ஃபிளிக்ஸ், இனி ப்ளூ-ரே டிஸ்க் மட்டுமே வாடகைக்கு வாங்குவோம் என்றது. அன்றே பெஸ்ட் பை, வாடிக்கையாளர்களுக்கு ப்ளூ-ரேயையே சிபாரிசு செய்வோம் என்றது. பிப்ரவரி 15-ல் வால்மார்ட், ஜூன் மாதத்துக்குள் எச்.டி. டி.வி.டி.யை அலமாரியிலிருந்து எடுத்துவிடுவோம் என்றது. கவனியுங்கள் நண்பர்களே! 99 டாலருக்கு விற்ற அதே இரண்டு கடைகள்! நான்கு நாள் கழித்து, பிப்ரவரி 19-ல், தோஷிபாவின் தலைவர் அத்சுதோஷி நிஷிடா எச்.டி. டி.வி.டி.யைக் கைவிடுவதாக அறிவித்தார். 2009-ல் தோஷிபாவே ப்ளூ-ரே அணியில் சேர்ந்தது.

வாங்கினவங்க என்ன ஆனாங்க?

கம்பெனிகள் நஷ்டத்தைக் கணக்கில் எழுதி அடுத்த வேலையைப் பார்த்தன. கடைகள் அலமாரியை மாற்றி அடுக்கின. வாங்கின ஜனங்கள்? கருவி ஓடும். ஆனால் புதுப் படம் வராது. பெஸ்ட் பை, பிப்ரவரி 23-க்கு முன் தன்னிடம் எச்.டி. டி.வி.டி. கருவி வாங்கியவர்களுக்கு 50 டாலர் மதிப்புள்ள பரிசு அட்டை கொடுத்தது. அதுவும் அதே கடையில் வேறு பொருள் வாங்கத்தான். 99 டாலர் கொடுத்தவருக்குப் பெரிய அடியில்லை என்று சொல்லலாம். ஆரம்பத்தில் 499 கொடுத்து, கூடவே நாற்பது ஐம்பது டிஸ்க் வாங்கி அடுக்கியவரை நினைத்துப் பாருங்கள்.

நம் வீடுகளில் இந்த அடி இன்னும் பலமாக விழும். என் சித்தி ஒரு ஆடித் தள்ளுபடியில் வாஷிங் மிஷின் வாங்கினார்கள். சீட்டுப் பணம் எடுத்து வாங்கியது. இரண்டு வருடத்தில் உள்ளே போர்டு போய்விட்டது. மெக்கானிக் வந்து பார்த்து, "இந்த மாடலைக் கம்பெனி நிறுத்திட்டாங்கம்மா, போர்டு கிடைக்காது" என்று சொல்லிவிட்டுப் போனார். இப்போது அதன் மேல் அரிசி மூட்டை வைத்திருக்கிறார்கள். தள்ளுபடி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. எங்கள் வீட்டில் மிக்ஸி, ஃபேன் எல்லாம் ஆடியிலும் தீபாவளியிலும் வாங்கியதுதான். தள்ளுபடி இல்லாவிட்டால் எங்களைப் போன்றவர்களுக்குப் பல பொருள் எட்டியே இருக்காது.

தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்காதே என்பார்கள். தானத்துக்கு அது சரி. தள்ளுபடியில் வந்த மாட்டைக் கட்டாயம் பல்லைப் பிடித்துப் பார்க்க வேண்டும்! ஏனென்றால் நாம் காசு கொடுக்கிறோம்.

நாம் கேட்க வேண்டிய கேள்விகள்

யாராவது உங்களிடம், "தொழில்நுட்பம் படிக்கிறவன், எதை வாங்கலாம்?" என்று கேட்டால் இந்த ஐந்தையும் பாருங்கள்.

1. விலை தானாகக் குறைந்ததா, யாராவது குறைத்தார்களா? பல கம்பெனிகளின் பொருளும் சேர்ந்து விலை இறங்கினால் அது வளர்ச்சி. ஒரே கம்பெனி மட்டும் திடீரென்று இறக்கினால் காரணம் தேட வேண்டும்.

2. குறைத்த பணம் யார் பையிலிருந்து வருகிறது? அவர் அதை எந்த வழியில் திரும்ப எடுப்பார்?

3. இதே முறையில் வேறு கம்பெனிகளும் பொருள் செய்கின்றனவா? ஒருவரே செய்தால், அவர் நிறுத்திய அன்று எல்லாம் நின்றுவிடும்.

4. இந்தப் பொருள் ஓட வேறு என்ன வேண்டும்? டிஸ்க்கா, உதிரிபாகமா, சார்ஜரா, சாஃப்ட்வேரா? அது ஐந்து வருடம் கழித்தும் கிடைக்குமா?

5. கடைக்காரர் இதைத் தன் வீட்டுக்கு வாங்குவாரா? (என் அப்பா சொல்லிக் கொடுத்த கேள்வி. இதைக் கேட்டுவிட்டுக் கடைக்காரர் முகத்தைப் பார்க்க வேண்டும்!)

இவை டிஸ்க் கருவிக்கு மட்டுமல்ல. செல்போனுக்கும், மின்சார ஸ்கூட்டருக்கும், மாதச் சந்தாவுக்கும் பொருந்தும்.

இன்னொன்றையும் சொல்லி முடிக்கிறேன். இவ்வளவு செலவழித்து ஜெயித்த ப்ளூ-ரேயும் நீண்ட நாள் ராஜாவாக இருக்கவில்லை. அந்தச் சண்டை உச்சத்தில் இருந்த அதே 2007-ல்தான் நெட்ஃபிளிக்ஸ், டிஸ்க்கே இல்லாமல் இணையம் வழியாகப் படம் காட்ட ஆரம்பித்தது. 2023 செப்டம்பரில் அது தபால் வழி டிஸ்க் வாடகையையே மூடிவிட்டது. சண்டையின் நடுவில் நின்ற பெஸ்ட் பையும் 2024-ல் படத் தட்டுகள் விற்பதை நிறுத்தியது. ஆகவே தோழர்களே, ஜெயிக்கிற பொருள் எது என்று ஜோசியம் சொல்வது நம் வேலை அல்ல. அது யாராலும் முடியாது. விலைச் சீட்டுக்குப் பின்னால் என்ன கணக்கு இருக்கிறது என்று படித்துச் சொல்வதுதான் நம் வேலை. அந்த அளவுக்காவது நாம் படித்த படிப்பு, நம்மைப் படிக்க வைக்கும் நம் வீட்டாருக்குப் பயன்படட்டும்.

பல்லைப் பார்த்து வாங்குவோம்! பணத்தைக் காப்போம்!